பூட்டும் காவலும்



சர்வாதிகாரம் என்பது டில்லி விவகாரம், நமக்கென்ன என்று மில் தொழிலாளரோ விவசாயக் கூலியோ இருந்துவிட முடியாது. நாம் பட்டு அறிந்திருக்கிறோம்.

1975 ஜூன் 25 இரவு, “உள்நாட்டுக் குழப்பம்” என்று சொல்லி அவசர நிலை பிரகடனம் செய்தார்கள். மந்திரிசபைக்கே மறுநாள் காலைதான் சொன்னார்கள். பல்லாயிரம் பேரை விசாரணையின்றிச் சிறையில் தள்ளினார்கள். 8.33 சதவீதமாக இருந்த குறைந்தபட்ச போனஸை 4 சதவீதமாக வெட்டினார்கள். தட்டிக் கேட்க வேண்டிய சங்கத் தலைவர்கள் பலர் சிறையில்!

1977 மார்ச் தேர்தலில் மக்கள் தீர்ப்பளித்தார்கள். 8.33 திரும்பி வந்தது. 1978-ல் அரசியல் சட்டத்தின் 44-வது திருத்தமும் நிறைவேறியது. “உள்நாட்டுக் குழப்பம்” நீங்கி, “ஆயுதக் கலகம்” என்றாயிற்று. மந்திரிசபை எழுத்து மூலம் தெரிவிக்காமல் ஜனாதிபதி பிரகடனம் செய்ய முடியாது. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-வது ஷரத்தை அவசர நிலையிலும் முடக்க முடியாது.

நல்ல பூட்டுகள்தான். ஆனால் பூட்டு தானாகக் காவல் காக்குமா? 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலை வேலையில் வைக்கக் கூடாது என்று 24-வது ஷரத்து 1950-லேயே சொல்லிவிட்டது. இருந்தும், விடியுமுன் பஸ்ஸில் ஏற்றிச் செல்லப்பட்ட நம் கரிசல் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைப் பிள்ளைகளுக்காக 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

சட்டத்தை எழுதினால் பாதி வேலைதான் முடியும். மீதி நம் வேலை. ஷரத்துகளைச் சங்கக் கூட்டத்தில் படிப்போம், விழித்திருப்போம்!