தீர்ப்பு கைக்கு வந்தது; நிலம் எங்கே?

(பொழிச்சலூரில் ஆற்றப்பெற்ற உரை)



தீர்ப்பு என்னும் சொல் 'தீர்' என்னும் வினையடியாகப் பிறந்தது. பூசலைத் தீர்ப்பது எதுவோ அதுவே தீர்ப்பு. ஆனால், உயர்முறை மன்றம் வரை சென்று நிலவழக்கில் வென்றவன் ஊர் திரும்பி வேலியைப் பார்த்தால், தோற்றவன் அங்கே மாடு கட்டிக் கொண்டிருக்கின்றான். தீர்ந்தது எது? கைப்பொருள் தீர்ந்தது, பூசல் தீரவில்லை.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று. இந்தியாவில் வழக்காடுவோனுக்குத் தொல்லை தொடங்குவதே தீர்ப்பாணை பெற்ற பின்னர்த்தான் என்று இலண்டன் பிரிவி கவுன்சில் 1872-ஆம் ஆண்டிலேயே கருத்துரைத்தது. நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் அதற்கு மறுப்பெழுத இடமில்லை.

தமிழ்நாட்டு வழக்கொன்றைக் கேண்மின். 1980-இல் நிலம் வாங்க ஒப்பந்தம் எழுதப்பெற்றது. 1986-இல் வாங்குவார் பக்கம் தீர்ப்பாணை. மேல்முறையீடுகளிலும் அதுவே நிலைத்தது. பின்னர் நிலத்தைக் கையளிக்கும் வேளையில், விற்றவரின் உறவினர், "நாங்கள் உழுகுடிகள்" என்று குறுக்கே நின்றனர். நிறைவேற்றும் மன்றமும் உயர்முறை மன்றமும் அத்தடைக்கு இடங்கொடுத்தன. 2025 மார்ச்சு 6-ஆம் நாள்தான் உச்சமுறை மன்ற நடுவர்கள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் அத்தடையைத் தள்ளி, இரண்டு திங்களுக்குள் நிலத்தை ஒப்படைக்க ஆணையிட்டனர். ஒப்பந்தம் எழுதியவர் அதனைக் காண உயிரோடில்லை. அவர் வழியினரே கண்டனர்.

அத்தீர்ப்பிலேயே, நிறைவேறாது கிடக்கும் ஆணைகளைக் கணக்கெடுத்து ஆறு திங்களில் முடிக்குமாறு உயர்முறை மன்றங்கள் அனைத்திற்கும் கட்டளை பிறந்தது. அக்டோபரில் கணக்கு வந்தது. நாடு முழுவதும் 8 இலக்கத்து 82 ஆயிரத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்துக்கு மேல். இவையெல்லாம் வென்றவர்களின் வழக்குகள் என்பதை மறவற்க!

உயர்முறை மன்றம் தீர்ப்புரைத்தால் அம்மன்றமே காவலரை விடுத்து நிலத்தை மீட்டுத் தரும் என்று பலர் காத்திருக்கின்றனர். அவ்வாறில்லை. மேல்முறையீட்டில் வென்றவரும் வழக்குப் பிறந்த கீழ்மன்றத்திற்கே மீண்டு சென்று, நிறைவேற்றுமாறு விண்ணப்பித்தல் வேண்டும். அதன் பின்னரே, ஊரார் அமீனா என்னும் அரபுச் சொல்லால் அழைக்கும் மன்றப் பணியாளர் நிலத்திற்கு வருவார். விண்ணப்பிக்கப் பன்னிரண்டு ஆண்டு எல்லை உண்டு. நிலையான தடையாணைக்கு மட்டும் அவ்வெல்லை இல்லை. தோற்றவன் மேல்முறையீடு செய்தான் என்பதனாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. அவன் தனியே இடைத்தடை பெற்றிருத்தல் வேண்டும். இதனை அறியாமல் ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்தோர் பலர்.

அமீனா வந்த பின்னும் நிலம் அகப்பட வேண்டுமே! பொழிச்சலூரையே எடுத்துக் கொள்க. அடையாற்றங்கரையில் வயலும் வாய்க்காலுமாய் இருந்த ஊர், வானூர்தி நிலையத்தின் அருகில் இன்று மனைமேல் மனையாய் நெருங்கிவிட்டது. இப்பக்கத்துப் பழைய ஆவணங்களில் செங்கற்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம் என்றிருக்கும். 1997-இல் அது காஞ்சிபுரம் மாவட்டம் ஆயிற்று. 2019-இல் மீண்டும் செங்கற்பட்டு மாவட்டம், வட்டமோ பல்லாவரம். புல எண்ணும் உட்பிரிவுக்கு மேல் உட்பிரிவாய்ப் பிளந்து கிடக்கும். "மேற்கே வாய்க்கால்" என்று தீர்ப்பாணை கூறும், வாய்க்கால் தெருவாகியிருக்கும். எதிரிக்கு வேறென்ன வேண்டும்? "ஆணையிற் கண்ட நிலம் இதுவன்று" என ஒரு சொல் சொன்னால் போதும், அமீனா திரும்பிவிடுவார்.

பண்டைத் தமிழரசு இவ்விடரை நன்குணர்ந்திருந்தது. நாகைப் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தை முதலாம் இராசராசன் வழங்கிய செய்தியைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடு நெடுங்காலம் லெய்டன் நகரில் இருந்தது. மன்னன் வாய்மொழி ஓலையில் ஏறியதோடு அங்கு வேலை முடிந்துவிடவில்லை. நாட்டார் கூடிப் பெண்யானையை எல்லை நெடுகிலும் நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டனர். ஆணை மண்ணில் இறங்கிய பின்னரே கொடை முற்றுப்பெற்றது.

அவ்வோலை தமிழில் இருந்தது; கேட்டவர்க்கு விளங்கிற்று. இன்றோ ஊர் நிருவாக அலுவலர், நில அளவர், அமீனா, நிலத்துக்குரியவன் யாவரும் தமிழராயிருக்க, உயர்முறை மன்றத் தீர்ப்பு மட்டும் ஆங்கிலத்தில் வருகின்றது. வென்றவன் தான் வென்றது எத்துணைச் சதுரஅடி என்பதைப் பிறர் வாயால் கேட்டறிகின்றான். கீழ்மன்றங்களில் தமிழுக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழிவகுத்தது. உயர்முறை மன்றத்திற்கும் அவ்வுரிமை வேண்டிச் சட்டமன்றம் 2006 திசம்பரில் தீர்மானம் இயற்றியது. 2012-இல் உச்சமுறை மன்றம் அதற்கு இசையவில்லை. இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் மாநிலங்களின் உயர்முறை மன்றங்களில் இந்தி இருக்கலாமாம்!

ஆகலின் உரிமையாளர் விழிப்போடிருத்தல் வேண்டும். தீர்ப்பாணையின் சொத்து விளக்கத்தைத் தமிழில் எழுதி வாங்குக. புல எண்ணையும் நான்கெல்லையையும் நில அளவரைக் கொண்டு இன்றைய பதிவேட்டோடு ஒப்பிடுக. எழுத்துப் பிழை இருப்பின் விண்ணப்பிக்கும் முன்னரே மன்றத்தில் திருத்தம் கேட்க. யாரேனும் குறுக்கே நின்றால் புதுவழக்கு வேண்டா. அத்தடையை நிறைவேற்றும் மன்றமே உசாவி முடிவு கூறும். வழக்கு நடக்கும்போது எதிரியிடம் மனை வாங்கியவனையும் அத்தீர்ப்பு கட்டுப்படுத்தும். நிலம் கைக்கு வந்த அன்றே ஒப்படைப்புச் சான்றின் படியைப் பெற்றுக் கொள்க. பட்டா தானே மாறிவிடாது. அதற்குத் தனியே விண்ணப்பித்தல் வேண்டும்.