நெஞ்சு நோவும் அதன் பரிகாரமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேடேறுங்கால் நடு மார்பில் ஓர் இறுக்கம் தோன்றுகிறது. சற்றே நின்றால் தணிகிறது. இதனை வாயுவென்று கருதிச் சுக்குக் கஷாயம் அருந்திக் காலம் போக்குவார் நம்மவருட் பலர். 'பிள்ளைகளுக்கு வீண் செலவு' என்று மறைக்கும் முதியோரும் உளர். அம்மறைவு உயிருக்கே உலை வைக்கும் என்பதை எடுத்துரைக்கவே யான் எழுந்தேன்.

இந்நோயை ஹெபர்டன் என்னும் ஆங்கில மருத்துவர் 1768-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் கழகத்தில் விரித்துரைத்து, 'ஆஞ்சைனா' எனப் பெயரிட்டார். இருதயத்துக்கு இரத்தமூட்டும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகின்றது. உடல் உழைக்குங்கால் இருதயம் வேண்டும் இரத்தம் கிட்டாமையின் நோவு எழுகின்றது. ஆதலின் பரிகாரமும் இருவகைத்து: இருதயத்தின் சுமையைக் குறைத்தல் ஒன்று, இரத்தத்துக்கு வழி செய்தல் மற்றொன்று.

முன்னது மருந்தின் தொழில். பாறை பிளக்கும் டைனமைட்டில் உள்ள நைட்ரோகிளிசரினே இந்நோவைத் தணிக்கும் என்று மரல் என்பார் 1879-இல் எழுதினார். டைனமைட்டை ஆக்கிய நோபெலுக்கே அவர் மறைந்த 1896-ஆம் ஆண்டில் மருத்துவர் அதனை விதித்தனர் என்பது வியப்பு. அவ்வினத்து மாத்திரையை, அமர்ந்தபடி, நாவின்கீழ் வைத்தல் வேண்டும். அது நோவைத் தணிக்குமேயன்றி அடைப்பை நீக்காது. துடிப்பை மட்டுப்படுத்துவனவும், கொழுப்பைக் குறைப்பனவும், இரத்தம் உறையாமற் காப்பனவுமாகிய மருந்துகளை, மருத்துவர் விதித்தவாறு நாடோறும் தவறாது கொள்ளல் வேண்டும்.

பின்னது சத்திரத்தின் தொழில். 1967-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பவலோரோ என்பார், காலிலிருந்து எடுத்த குழாயைக் கொண்டு அடைப்பைச் சுற்றிப் புதுவழி அமைத்தார். நம் நாட்டில் 1975-இல், சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில், டாக்டர் கே. எம். செரியன் அத்தகைய சத்திரத்தை முதன்முதலாகச் செய்தார். 1977-இல் சூரிச் நகரத்துக் குருன்ட்சிக், நுண்குழாயின் முனையிற் சிறு பலூனை ஊதி, நெஞ்சைப் பிளவாமலே குறுகிய வழியை விரித்தார்.

இவற்றுள் எது சிறந்தது? இடப்பக்கத்து முதற்குழாய் அடைபட்டார்க்கும், பல குழாய்கள் குறுகிய நீரிழிவினர்க்கும் சத்திரம் ஆயுளை நீட்ட வல்லது. நோவு ஒரு நிலையில் நிற்கும் ஏனையோர் பலருக்கு, மருந்தோடு பலூன் சிகிச்சையைச் சேர்த்தல் நோவைக் குறைக்குமேயன்றி ஆயுளை நீட்டுவதாகக் காணவில்லை என்று 2007, 2020-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பேராய்வுகள் தெரிவித்தன. ஆதலின், கத்திக்கு அஞ்சி ஓடுதலும் பிழை. கத்தியே கதியென்று மருந்தை விடுதலும் பிழை.

ஓய்விலும் நோவு தோன்றினாலோ, மாத்திரை வைத்தும் ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டாலோ, அது மாரடைப்பாகலாம். உடனே 108-ஐ அழையுங்கள். புகையிலையை ஒழியுங்கள். இல்லத்து முதியோரை, 'படி ஏறினால் மார்பு வலிக்கிறதா?' என்று இன்றே வினவுங்கள். அவர்கள் தாமாகச் சொல்லார்.