சீனி இல்லாமல் ஒரு தேத்தண்ணி
(எமது வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் நான் வருமான வரி, வீட்டுக் கடன், ஓய்வூதியச் சேமிப்பு என்றுதான் கதைப்பேன். இன்றைக்கும் ஒரு கணக்கோடுதான் தொடங்கப் போகிறேன். ஆனால் இது வரிக் கணக்கு அல்ல, சீனிக் கணக்கு.

2012 ஆம் ஆண்டு எங்கள் குடும்ப வைத்தியர் என்னுடைய இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு, நீரிழிவு தொடங்கிவிட்டது என்று சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிப்பீர்கள் என்று கேட்டார். ஆறு என்றேன். வரிக் காலத்தில் எட்டு என்பதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கடதாசி எடுத்துக் கணக்குப் பார்த்தேன். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம். ஆறு கோப்பைக்கு 48 கிராம். வருடத்துக்குப் பதினேழரைக் கிலோ! ஊரார் கணக்கெல்லாம் பார்க்கிற நான் இந்தக் கணக்கை ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்றைக்கே சீனியை நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, இவ்வளவு காலமும் நான் ருசித்தது தேயிலையை அல்ல, சீனியையும் பாலையும் என்று. சீனி இல்லாத அந்தச் சாயம் வாயில் வைக்க முடியாத கசாயமாக இருந்தது. பனங்கட்டி கடிக்கலாமோ என்று கேட்டேன். அதுவும் சீனிதான் என்றார் வைத்தியர். கடைசியில் தேத்தண்ணியையே விட்டுவிட்டேன்.

அங்கேதான் கரைச்சல் தொடங்கியது. எங்கள் சனத்தில் ஒரு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்காமல் எழும்ப முடியுமா? வேண்டாம் என்றால் கோபம் என்று நினைப்பார்கள். ஒரு மச்சாள் நேரேயே கேட்டுவிட்டா, "எங்கட வீட்டுத் தண்ணி வென்னி உங்களுக்கு ஆகாதோ?" என்று. மெல்ல மெல்ல ஆட்களின் வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி சொன்னா, "டொக்டர் சீனியைத்தான் விடச் சொன்னவர். சனத்தை விடச் சொல்லேல்லை."

இந்த நேரத்தில்தான் ஒரு சீனப் பெரியவர் எனக்கு வழிகாட்டினார். ஸ்காபரோவில் அஜின்கோர்ட் பக்கம் எங்கள் ஆட்களும் சீனர்களும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே சிறிய தேயிலைக் கடை வைத்திருந்தவர் அவர். புஜியான் மாகாணத்தின் அன்ஷி என்ற மாவட்டம் அவருடைய ஊர். அவருடைய கடைக் கணக்கை வருடந்தோறும் நான்தான் பார்த்தேன். போனால் சின்னக் கோப்பையில் தேநீர் வைப்பார். நானும் மரியாதைக்கு ஒரு மிடறு குடித்துவிட்டுக் கொப்பிகளைத் திறந்துவிடுவேன். அந்த வருடம் வேண்டாம் என்றேன். வைத்தியர் சீனியை நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று காரணமும் சொன்னேன். அவர் சிரித்தார். "இத்தனை வருடமாக நான் தந்த தேநீரில் எப்போது சீனி இருந்தது?" என்று கேட்டார்.

உண்மைதான். நான் கவனித்ததே இல்லை. பிறகு நான் வீட்டில் தேநீர் போடுகிற விதத்தை விசாரித்தார். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், நிறையத் தூள், நல்ல சாயம் இறங்கும்வரை விடுவது என்று சொன்னேன். "அந்தக் கசப்பில் பாதி தேயிலையுடையது இல்லை, நீங்கள் வரவழைத்தது" என்றார். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒரு விடயம்தான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

சீனத் தேயிலை, இலங்கைத் தேயிலை, பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை எல்லாம் ஒரே இனச் செடியில் இருந்துதான் வருகின்றன. பறித்த பிறகு இலையை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். சீனர்கள் அதை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள்: பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலோங், சிவப்பு, கரும் தேயிலை. நாங்கள் கறுப்புத் தேயிலை என்பதை அவர்கள் சிவப்பு என்கிறார்கள். கோப்பையில் தெரியும் நிறத்தைப் பார்த்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. நாங்கள் சொல்லும் 'தே' என்ற சொல்லும் அந்தப் பெரியவரின் புஜியான் கரையோரப் பேச்சுமொழியில் இருந்து கடல்வழியாகப் பரவியதுதான்.

சரி, கடைக்குப் போனால் எதை வாங்குவது? எங்களுடைய நாக்குக்கு முதலில் சிவப்புத் தேயிலைதான் பொருந்தும். யுனான் மாகாணத்துத் தியன்ஹொங், அன்ஹுய் மாகாணத்துக் கீமுன் இரண்டும் இயல்பாகவே இனிப்புச் சாயல் உள்ளவை. அடுத்ததாக மல்லிகைத் தேயிலையைப் பாருங்கள். தேயிலையோடு மல்லிகைப் பூவைச் சேர்த்து வைத்து வாசம் ஏற்றுவார்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உடனே பிடித்தது அதுதான். மூன்றாவது, பெரியவரின் ஊர்த் தியெகுவான்யின் என்ற ஊலோங். இலைகள் சின்ன உருண்டைகளாக இருக்கும், தண்ணீர் பட்டதும் முழு இலையாக விரியும். ஹாங்சோ நகரத்து லோங்ஜிங் போன்ற பச்சைத் தேயிலையைக் கடைசியாக வையுங்கள். தண்ணீர்ச் சூடு பிழைத்தால் அது உடனே கசந்துவிடும். யுனானில் இருந்து வரும் பூஅர் தேயிலை வட்டத் தட்டாக அமுக்கப்பட்டு வரும். ஒரு தட்டு வழக்கமாக 357 கிராம். அதில் நொதிக்கவைத்த வகை மண் வாசம் உள்ளது, கசப்புக் குறைவு. எடுத்த எடுப்பில் முழுத் தட்டு வாங்க வேண்டாம். பூஞ்சண வாசம் அடித்தால் தொடவே வேண்டாம்.

வாங்கும்போது இலை முழுதாக இருக்கிறதா, பையின் அடியில் தூள் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். முகர்ந்து பாருங்கள். 25 கிராம், 50 கிராம் என்று கொஞ்சமாக வாங்குங்கள். பச்சைத் தேயிலை அந்த வருடத்து அறுவடையாக இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். தேயிலை வாசத்தை உறிஞ்சும். நான் அப்படி ஒரு பை மல்லிகைத் தேயிலையைச் சரக்குத்தூள் தேயிலையாக மாற்றியிருக்கிறேன்!

இப்போது தேநீர் போடும் முறை. இதில் மூன்று விடயங்களைத்தான் கவனிக்க வேண்டும்: சூடு, அளவு, நேரம். கசப்பையும் துவர்ப்பையும் தரும் பொருட்கள் சூடு கூடக் கூட அதிகம் இறங்கும். மெல்லிய இனிப்பைத் தரும் பொருட்கள் சூடு குறைந்த தண்ணீரிலும் இறங்கிவிடும். ஆகவே பச்சைத் தேயிலைக்கு 75 முதல் 80 பாகை போதும். கேத்தில் கொதித்த பிறகு மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் அளவில் ஆறவிடுங்கள். சிவப்புத் தேயிலைக்கு 90 பாகை அளவு. ஊலோங்குக்கு 95. பூஅருக்குக் கொதிநீர்.

வேலைக்குப் போகும் அவசரத்தில், 250 மில்லிலீற்றர் கோப்பைக்கு இரண்டரைக் கிராம் இலை, மூன்று நிமிடம் போதும். பச்சைத் தேயிலை என்றால் இரண்டு நிமிடம். பிறகு இலையைக் கட்டாயம் வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே ஊறவிட்டால் திரும்பவும் கசாயம்தான். கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள். உருண்டை இலை பாரம், வெள்ளைத் தேயிலை பஞ்சு மாதிரி. சின்னத் தராசு ஒன்று இருந்தால் நல்லது.

ஆட்கள் வரும்போது சீனர்களின் முறையைச் செய்து பாருங்கள். இதற்குக் கைவான் என்ற பாத்திரம் வேண்டும். மூடியும் தட்டும் உள்ள வெள்ளைப் பீங்கான் கிண்ணம். 100 அல்லது 120 மில்லிலீற்றர் கொள்ளும். பத்துப் பதினைந்து டொலருக்கு நல்லது கிடைக்கும். முதலில் சுடுதண்ணீர் ஊற்றிக் கிண்ணத்தைச் சூடாக்கி அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். 5 கிராம் ஊலோங் போடுங்கள். ஒருமுறை தண்ணீர் ஊற்றி உடனே வடித்துவிடுங்கள். பிறகு ஊற்றி 20 விநாடியில் வடித்தால் அது முதல் தேநீர். அடுத்தடுத்த முறைகளுக்கு ஐந்து, பத்து விநாடிகளாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே இலையில் ஐந்தாறு முறை வரும். ஒவ்வொரு முறையும் ருசி வேறாக இருக்கும். நேரே கோப்பைகளுக்கு ஊற்றாமல் முதலில் ஒரு சின்னச் சாடியில் வடித்துவிட்டுப் பங்கிட வேண்டும். அப்போதுதான் எல்லாருக்கும் ஒரே சாயம். அந்தச் சாடிக்குச் சீன மொழியில் நீதிக் கோப்பை என்றுதான் பெயர். கணக்காளனான எனக்கு மிகவும் பிடித்த பெயர்!

இன்னொரு பழக்கமும் உண்டு. நாங்கள் வழிய வழிய ஊற்றினால்தான் உபசாரம் என்போம். அவர்கள் கோப்பையில் பத்தில் ஏழு பங்குதான் ஊற்றுவார்கள். மிச்ச மூன்று பங்கு அன்புக்காம். கோப்பையைப் பிடிக்கும் கை சுடாது என்பது என்னுடைய விளக்கம்.

பாத்திரம் வாங்குவதில் நான் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். ஜியாங்சு மாகாணத்து யீசிங் என்ற இடத்துச் சிவந்த களிமண் தேநீர்ச் சட்டிகள் பேர்போனவை. பளபளப்புப் பூச்சு இல்லாததால் தேயிலையின் வாசம் மெல்ல மெல்ல மண்ணில் ஊறும். அதனால் ஒரு சட்டிக்கு ஒரு வகைத் தேயிலைதான். இதைக் கேள்விப்பட்டதும் ஒரு கடையில் 45 டொலர் கொடுத்து, கைவேலை என்று சொன்னதை நம்பி ஒன்று வாங்கினேன். சுடுதண்ணீர் ஊற்றியதும் சப்பாத்து மெழுகு வாசம் அடித்தது. பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூடியை மூடி என் கையில் தந்தார். இப்போது அதில் சில்லறைக் காசு போட்டு வைக்கிறோம். உண்மையான கைவேலைச் சட்டி நூற்றுக்கணக்கான டொலர் போகும். பழகுகிறவர்களுக்கு வெள்ளைப் பீங்கான்தான் சிறந்தது. அது வாசத்தை உறிஞ்சாது, எல்லா வகைக்கும் உதவும், தேநீரின் நிறமும் தெரியும்.

செலவைப் பற்றியும் கேட்பீர்கள். 100 கிராம் 20 டொலர் என்று வைத்தால் 5 கிராம் ஒரு டொலர். அதில் ஆறு முறை வடித்தால் 600 மில்லிலீற்றர். மூன்று பேர் இருந்து கதைத்துக் குடிக்கலாம். வெளியே ஒரு கோப்பி வாங்கும் காசுகூட முடியாது.

சில எச்சரிக்கைகள். தேநீர் நீரிழிவுக்கு மருந்து அல்ல. எனக்கு உதவியது மருந்தும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும். தேநீர் செய்த உதவி, சீனியை விட்ட இடத்தை நிரப்பியதுதான். இரத்தச்சோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், உணவில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதை அது குறைக்கும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் பச்சைத் தேயிலையை நிறையக் குடிப்பதற்கு முன் வைத்தியரைக் கேளுங்கள். உடம்பு மெலியும் தேநீர் என்று விற்கும் சில பெட்டிகளில் நிலாவிரை என்ற பேதி இலை இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. சில மாதங்களுக்கு முன் கைவானை எங்கள் வானொலி நிலையத்துக்குக் கொண்டுபோய்த் தியன்ஹொங் போட்டேன். எங்களோடு தொண்டராக வேலை செய்யும் ஒரு சகோதரி, வடித்த இலையை விரலால் விரித்துப் பார்த்தா. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவ. 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பமாகக் கிளிநொச்சிக்கு வந்து, பிறகு அங்கிருந்தும் இடம்பெயர்ந்து கனடா வந்தவ.

"எங்கம்மா பறிச்ச கொழுந்தும் இப்படித்தான் இருக்கும்" என்றா. "ஆனா எங்க லயத்துல இலையில தேத்தண்ணி ஊத்திக் குடிச்சதே இல்ல. எங்களுக்குக் கிடைச்சது தூள்தான். அதான் சீனியக் கையில வச்சு நக்கிக்கிட்டுக் குடிப்போம்."

1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அது. அந்த மக்கள் பறித்த நல்ல இலை கப்பலேறியது. தூள் எங்களுக்கு மிஞ்சியது. தூளில் சாயம் ஒரு நிமிடத்தில் இறங்கும், கசப்பும் சேர்ந்தே இறங்கும். பாலும் சீனியும் இல்லாமல் அதை எப்படிக் குடிப்பது? யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நான் அதைத்தான் தேத்தண்ணியின் ருசி என்று நினைத்திருந்தேன். பறித்தவர்களைப் பற்றி நினைத்ததுமில்லை.

அடுத்த கிழமை அந்தச் சகோதரி நுவரெலியாவின் முழு இலைத் தேயிலை ஒரு பைக்கற் வாங்கிவந்தா. 200 மில்லிலீற்றருக்கு 3 கிராம், 90 பாகைத் தண்ணீர், மூன்று நிமிடம். சீனியும் இல்லை, பாலும் இல்லை. பொன் நிறத்தில் வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். கோப்பையை வைத்துவிட்டு, "அம்மாவுக்கு ஒரு தடவ இப்படிப் போட்டுக் குடுத்திருக்கலாம்" என்றா.

நேயர்களே, உங்கள் வீட்டில் சீனி வருத்தத்தால் தேத்தண்ணியை விட்ட அம்மாவோ அப்பாவோ இருந்தால், 25 கிராம் நல்ல இலை வாங்கி, கொதி அடங்கிய தண்ணீரில் ஒருமுறை போட்டுக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் இருந்து நீங்களும் குடியுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் வரிக் கணக்கோடு சந்திப்போம்.