பழைய ஜீப்பை உயர்த்தலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அறிவுரை வேண்டாம்ப்பா, உபயோகமா ஏதாவது பேசு" என்று சங்கச் செயலாளர் கட்டளையிட்டுவிட்டார். அதனால் எனக்குத் தெரிந்த ஒரே விஷயமான சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசுகிறேன்.

இந்தக் கருங்குழி, மதுராந்தகம் வட்டாரத்தில் பழைய மஹிந்திரா ஜீப்புகளும் மாருதி ஜிப்ஸிகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாணவர்கள் சிலர் கூட்டாகப் பணம் போட்டு ஒன்று வாங்குகிறார்கள். வாங்கியதும் என்னிடம் வரும் முதல் கேள்வி: "அண்ணே, அஞ்சு இன்ச் தூக்கிடலாமா?"

தூக்குவது சுலபம். அதுதான் சிக்கலே. இந்த வண்டிகளில் கமான் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கும். யூ போல்ட்டைக் கழற்றி, பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே வைத்து, அதற்கான இருக்கையை வெல்டிங் செய்து மறுபடி கட்டினால், ஆக்ஸில் குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்த அளவுக்கு வண்டி எழும்பிவிடும். ஏறக்குறைய 5 அங்குலம். நல்ல பட்டறையில் ஓரிரு நாள் வேலை.

ஆனால் எழும்பியது எது? பாடி, சேஸிஸ், என்ஜின். எழும்பாதது எது? ஆக்ஸிலும் அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியலும். வண்டியிலேயே தாழ்ந்த உறுப்பு அதுதான். நம் வயல் பாதைகளில் டிராக்டர் சக்கரம் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்து, நடுவில் மேடு விட்டுவிடும். அந்த மேட்டில் இடிப்பது டிஃபரன்ஷியல். பாடியை 5 அங்குலம் என்ன, 10 அங்குலம் தூக்கினாலும் அது அதே இடத்தில்தான் இடிக்கும். அதை உயர்த்தும் வழி டயர் ஒன்றுதான்.

அதற்கும் கணக்கு உண்டு. ஜிப்ஸி கிங்கின் டயர் 205/70 ஆர்15. வெளிவிட்டம் சுமார் 668 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733 மி.மீ. விட்டம் 65 மி.மீ. கூடினால் ஆக்ஸில் அதில் பாதி, 32 மி.மீ. தான் உயரும். ஸ்பீடாமீட்டர் 80 என்று காட்டும்போது வண்டி 88-இல் போய்க்கொண்டிருக்கும். இழுவை சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். பிரேக்குக்கும் அதே அளவு வேலை கூடும். சஸ்பென்ஷனை உயர்த்துவதன் உண்மையான பயன், இந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் ஆட இடம் தருவதும், தண்ணீரில் இறங்கும்போது என்ஜினைக் கொஞ்சம் மேலே வைப்பதும்தான்.

இனி விலையைப் பார்ப்போம். முதலாவது, கவிழும் அபாயம். இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுங்கள். முதலாம் ஆண்டு மெக்கானிக்ஸ்தான். அகலம் 130 செ.மீ., மையம் 65 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் விடை 1.0. 5 அங்குலம் தூக்கினால் மையம் சுமார் 10 செ.மீ. ஏறும். விடை 0.87. அதாவது 45 டிகிரி சாய்வில் கவிழ வேண்டிய வண்டி 41 டிகிரியிலேயே கவிழும். இது காகிதக் கணக்கு. வளைவில் ஸ்பிரிங்கும் சேர்ந்து சாய்வதால் நிஜத்தில் இன்னும் முன்னதாகவே நடக்கும். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கணக்கின் அருமை கம்பெனிக்காரர்களுக்குத் தெரியும். 1985-இல் வந்த ஜிப்ஸியின் சக்கர அகலத்தை 1993-இல் சுமார் 9 செ.மீ. கூட்டினார்கள். நாம் 5 அங்குலம் தூக்கினால், அந்த 9 செ.மீ. தந்த நிலைப்புத்தன்மையைத் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேலும் இழக்கிறோம்.

இரண்டாவது, புரொப்பல்லர் ஷாஃப்ட். இந்த வண்டிகளின் நீளமே குறைவு. பின் ஷாஃப்ட் குட்டை. 60 செ.மீ. ஷாஃப்டின் ஒரு முனை 10 செ.மீ. கூடுதலாக எழும்பினால் கோணம் ஒன்பதரை டிகிரி ஏறும். கிராஸ் ஜாயின்ட் 5 டிகிரியில் சுற்றும்போது வேக ஏற்ற இறக்கம் அரை சதவீதத்துக்கும் குறைவு. 15 டிகிரியில் மூன்றரை சதவீதம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை! இரு முனைகளிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். ஆக்ஸிலின் சாய்வைச் சரி செய்யாமல் விட்டால் சமம் போய்விடும். வண்டி உதறும், கிராஸ் சீக்கிரம் தேயும்.

மூன்றாவது, ஸ்டியரிங். கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் ராடு இப்போது செங்குத்தாகச் சாய்ந்து நிற்கும். சக்கரம் ஒரு குழியில் ஏறி இறங்கும்போது ராடு தானாகவே சக்கரத்தைத் திருப்பும். வயல் பாதையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் இது தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் 80-இல் போகும்போது பாலத்தின் இணைப்பில் ஒரு தூக்கு தூக்கினால், பக்கத்து லேனில் இருக்கும் பஸ்ஸுக்கும் தெரியும்.

நான்காவது, பிரேக் ஹோஸ். வண்டியைச் சேஸிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஹோஸ் விறைத்து நின்றால் அந்த வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது.

இவ்வளவையும் சரிசெய்ய வழி இருக்கிறது. நீள ஹோஸ், நீள ஷாக் அப்சார்பர், மாற்றிய ஸ்டியரிங் ஆர்ம், சாய்த்து வெல்டிங் செய்த இருக்கை. ஆனால் பட்டறையில் சொல்லும் "தூக்குற" ரேட்டில் இவையெல்லாம் இருக்காது. உயரத்தை மட்டும் வாங்கிவிட்டு மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் ஆபத்து.

என் பெரியப்பா மகன் கருங்குழியில் விவசாயம் பார்க்கிறார். அவரிடம் ஒரு பழைய ஜீப். நடவுக் காலத்தில் ஏழெட்டுப் பெண்களை அதில்தான் வயலுக்குக் கூட்டிப்போவார். "தம்பி, அடி தட்டுது, தூக்கிடலாமா?" என்றார். முதலில் அளந்து பார்ப்போம் அண்ணே என்றேன். இடது பின்பக்கம் வலதைவிட 2 அங்குலம் தாழ்ந்திருந்தது. செங்கல்பட்டில் கமான் பட்டறைக்குக் கொண்டுபோனோம். கட்டைப் பிரித்தால் மூன்றாவது பட்டை உடைந்து கிடக்கிறது. மற்றவை வளைவே இல்லாமல் நீட்டி நிமிர்ந்துவிட்டன. உடைந்ததை மாற்றி, மற்றதற்கு வளைவு ஏற்றி, புஷ்ஷும் ஷாக்கிளும் புதிதாகப் போட்டதில் வண்டி தன் பழைய உயரத்துக்கு வந்தது. டயர் வழுக்கையாக இருந்தது. அதே அளவில் புதிய மண் டயர் போட்டோம். பாதையின் நடுமேட்டை இரண்டு ஆட்கள் அரை நாளில் மண்வெட்டியால் சீவிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வண்டி எங்கும் தட்டவில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களின் உயிரை வைத்து நாங்கள் எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை.

மணலுக்கும் இதே கதைதான். மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் மணல் பாதையில் மாட்டிக்கொண்டால் உயரம் உதவாது. காற்றைக் குறைப்பதுதான் உதவும். ஒரு சக்கரத்தில் 300 கிலோ பாரம் என்றால், சதுர செ.மீட்டருக்கு 2 கிலோ அழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர செ.மீ.; 1.2 கிலோவில் சுமார் 250. தார் ரோடு ஏறுமுன் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும். கடற்கரைக்குள் மட்டும் வண்டியை விடாதீர்கள். அது ஆமைகள் முட்டையிடும் இடம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, சட்டத்துக்குப் புறம்பாக வண்டியை மாற்றினால், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே, பெரிதாகத் தூக்கிய வண்டியின் இடம் தனியார் நிலத்தில் நடக்கும் போட்டிகள்தான். அங்கே ரோல் கேஜும் பெல்ட்டும் இருக்கும். பின்சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

மாணவத் தம்பிகளே, உங்களுக்கு ஒரு ப்ராஜெக்ட் தருகிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் எடை மேடைகள் இருக்கின்றன. சமதளத்தில் முன் ஆக்ஸிலின் எடையை எடுங்கள். பிறகு பின்சக்கரங்களை 30, 40 செ.மீ. உயர்த்தி வைத்து மறுபடி எடுங்கள். ஸ்பிரிங் அசையாதபடி கட்டை வைத்துக் கட்டிவிட வேண்டும். பிரேக் பிடிக்கக் கூடாது. கூடிய எடையைச் சக்கர இடைத்தூரத்தால் பெருக்கி, மொத்த எடையாலும் சாய்வுக் கோணத்தின் டேன் மதிப்பாலும் வகுத்து, சக்கர ஆரத்தைக் கூட்டினால் புவியீர்ப்பு மையத்தின் உயரம் வந்துவிடும். உங்கள் சொந்த வண்டியின் எண் கையில் கிடைத்தபிறகு, தூக்கலாமா என்று என்னிடம் கேட்க வேண்டியிருக்காது.