எட்டாம் வகுப்பிலேயே தொடங்கும் விண்ணப்பம்



பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் தை பிறந்தால் ஒரே பேச்சுதான். "அப்ளிகேஷன் போட்டாச்சா?" நீட்டுக்குப் போட்டாச்சா, ஜே.இ.இ.க்குப் போட்டாச்சா என்று அக்கம்பக்கத்தார்கூடக் கேட்பார்கள். தடா போன்ற எல்லையோர ஊர்களில் இந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். "எந்த மாநிலத்துப் பிள்ளையாகப் போட்டீர்கள்?"

சூளூர்பேட்டை மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். அதற்கடுத்த ஸ்டேஷன் தடா. ஆரம்பாக்கம் தமிழ்நாடு, தடா ஆந்திரம். 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது திருப்பதி மாவட்டம். அங்கிருந்து திருப்பதியைவிடச் சென்னைதான் கிட்டம். பெண் கொடுப்பது, எடுப்பது, ஆஸ்பத்திரி, வேலை எல்லாவற்றுக்கும் மக்கள் இரண்டு பக்கமும் போய்வருகிறார்கள். எல்லைக் கோடு இருப்பதே பல நாள் நினைவுக்கு வராது. கல்லூரி விண்ணப்பம் போடும்போதுதான் அது எதிரே வந்து நிற்கும்.

பொறியியல் படிப்பையே பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது. 2006-இல் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். இன்று பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. ஆந்திரத்தில் தேர்வு தொடர்கிறது. எம்செட் என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தத் தேர்வு, மருத்துவச் சேர்க்கை நீட்டுக்குப் போன பிறகு, 2021-இல் இ.ஏ.பி.செட் என்று பெயர் மாறியது. 160 கேள்விகள், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது. பொறியியல் ரேங்குக்குத் தேர்வு மதிப்பெண் முக்கால் பங்கு, இன்டர் (அங்கத்துப் பிளஸ் டூ) மதிப்பெண் கால் பங்கு.

இதில் பெற்றோர் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஆந்திர அரசின் சேர்க்கையில் 85 சதவீத இடங்கள் 'லோக்கல்' மாணவர்களுக்கு. தடா, ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதியில் வருகிறது. அப்படியானால் தடாவில் வீடு இருந்தாலே லோக்கல் ஆகிவிடலாமா? ஆக முடியாது. இந்த ஒதுக்கீட்டுக்கான 1974-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை முதலில் கேட்பது பள்ளிக்கூடத்தைத்தான். இன்டர் முடிக்கும் ஆண்டோடு சேர்த்துத் தொடர்ச்சியாக நான்கு ஆண்டு அந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும். அதாவது ஒன்பதாம் வகுப்பிலிருந்து.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். பையன் பத்தாவது வரை தடாவில் படித்தான். பிளஸ் டூ நன்றாக இருக்கட்டும் என்று கும்மிடிப்பூண்டியில் சேர்த்தார்கள். காலையில் ரயில், மாலையில் ரயில், பையன் வீட்டோடுதான் இருக்கிறான். ஆனால் அந்த நான்கு ஆண்டுத் தொடர்ச்சி அறுந்துவிட்டது. ஆந்திரத்தில் அவன் லோக்கல் இல்லை. பெற்றோர் பத்து ஆண்டு அந்த மாநிலத்தில் வாழ்ந்தவர்கள் என்ற கணக்கில், மீதி 15 சதவீதத்தில் போட்டி போடலாம். தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால், பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் நேட்டிவிட்டி சான்று வேண்டும். அவனிடம் இரண்டும் இல்லை.

ஜே.இ.இ. மெயின் எழுதி என்.ஐ.டி.க்குப் போனால் கதை வேறு. அங்கே பன்னிரண்டாம் வகுப்பை எங்கே எழுதினாய் என்றுதான் கேட்பார்கள். அதே பையன் அங்கே தமிழ்நாட்டுக் கணக்கில் வருவான். திருச்சி என்.ஐ.டி.யில் சொந்த மாநிலத்துக்கு ஒதுக்கிய பாதி இடங்களில் அவனுக்கும் உரிமை உண்டு. தாடேபல்லிகூடத்தில் இருக்கும் ஆந்திர என்.ஐ.டி.யில் அவன் வெளிமாநிலத்தான். தடாவை ஒட்டி ஸ்ரீசிட்டியிலேயே ஐ.ஐ.ஐ.டி. இருக்கிறது, 2013-இல் வந்தது. அங்கே மாநிலக் கணக்கே கிடையாது. உள்ளூர்ப் பிள்ளையும் நாடு முழுவதோடும் போட்டி போட்டுத்தான் நுழைய வேண்டும்.

பாருங்கள், ஒரே பையன், ஒரே வீடு. ஒரு விண்ணப்பத்தில் அந்த ஊர்க்காரன், இன்னொன்றில் வெளியூர்க்காரன். பதினோராம் வகுப்புக்கு எந்தப் பள்ளி என்று ஒரு நாள் முடிவெடுத்தார்களே, அன்றைக்கே இதெல்லாம் முடிவாகிவிட்டது.

அடுத்தது மொழி. சித்தூர், திருப்பதி மாவட்ட எல்லையோரத்தில் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இ.ஏ.பி.செட்டில் தமிழ் வினாத்தாள் கிடையாது. நீட் 13 மொழிகளில் நடக்கிறது. தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு. தமிழ் கேட்டால் தேர்வு மையம் தமிழ்நாட்டுப் பக்கம் வரும். தெலுங்கு கேட்டால் ஆந்திரம் அல்லது தெலங்கானா. ஆங்கிலம் மட்டும் என்றால் எங்கேயும் எழுதலாம். தமிழ் வினாத்தாளிலும் பக்கத்திலேயே ஆங்கிலம் அச்சாகியிருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதுதான் செல்லும். அதனால் மொழியை, படிவம் நிரப்பித் தரும் நெட் சென்டர்காரர் டிக் அடிக்கக் கூடாது. பிள்ளையைக் கேட்டு, பிள்ளையே அடிக்கட்டும்.

நெட் சென்டரைக் குறை சொல்லவில்லை. கூட்டம் நிற்கிறது, அவருக்கு அவசரம். அவசரத்தில் கடைக்காரர் தன் மொபைல் எண்ணையே போட்டுவிடுவதும் உண்டு. ஓடிபி, ஹால் டிக்கெட் செய்தி, திருத்தம் செய்யும் நாள் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும். உங்கள் வீட்டு எண்ணையும் வீட்டு மின்னஞ்சலையும் கொடுங்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்கட்டும். ஆதாரில் இனிஷியல் முன்னும் பின்னுமாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பணம் கட்டும் முறையும் ஒன்றுபோல் இல்லை. இ.ஏ.பி.செட்டில் முதலில் கட்டணம், பிறகுதான் படிவம் திறக்கும். பணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று எழுந்து வந்துவிடாதீர்கள். நீட்டில் படிவம், புகைப்படம், கையெழுத்து, விரல் ரேகை எல்லாம் ஏற்றிய பிறகு கடைசியில்தான் கட்டணம். அதைக் கட்டி, உறுதிப்படுத்தும் பக்கம் கைக்கு வந்தால்தான் விண்ணப்பம் போட்டதாகப் பொருள். கடைசி நாளை நம்பி இருக்காதீர்கள், இ.ஏ.பி.செட்டில் தாமதக் கட்டணம் ஆயிரக்கணக்கில் ஏறும்.

இந்த உரையைப் பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் இது ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னும் முக்கியம். எல்லை தாண்டிப் பள்ளி மாற்றுவது தவறில்லை. ஆனால் டி.சி. வாங்கப் போகும் முன்னால், எந்த மாநிலத்துக் கல்லூரியை மனத்தில் வைத்திருக்கிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பள்ளியை விட்டு வரும்போதே ஆண்டுவாரியான ஸ்டடி சர்டிபிகேட்டையும் வாங்கி வையுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும், எனவே அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டை ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டுப் படிவத்தைத் தொடுங்கள்.