இசை இதழின் முகப்பும் கணினியும்

(நெகிரி செம்பிலான் தோட்ட இளைஞரிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



தோட்டத்து உறுமிக் குழுவினரும் நாயனக் குழுவினரும் கூடி இசைக்கென ஒரு சிற்றிதழ் வெளியிட எண்ணியிருக்கின்றீர்கள். அதன் முகப்பைக் கணினியில் அமைக்கும் முறையை விளக்குமாறு எம்மைக் கேட்டுக்கொண்டமைக்கு நன்றி.

யாருடைய படத்தை முகப்பில் வைப்பது என்பதே முதற் கேள்வி. நடிகர் ஒருவரின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம் எனச் சிலர் கருதுவர். பிறர் எடுத்த ஒளிப்படத்திற்கு 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் காப்பு உண்டு. இசைவின்றி எடுத்தாளுதல் தகாது. அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பகாவிலும் சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கே திருவிழாதோறும் தவில் முழக்கிய பெரியவர் பலரின் முகம் இன்று அவர்தம் குடும்பத்தாரன்றிப் பிறர் அறியாதது. சென்னையில் 1983-இல் என். பட்டாபிராமன் தொடங்கிய 'ஸ்ருதி' என்னும் ஆங்கில இசையிதழ், கலைஞர்களின் முகங்களையே தன் முகப்பில் தாங்கி வந்தது. உங்கள் இதழுக்கு உங்கள் தவிற்காரர் முகம் போதாதா? அவரிடம் இசைவு பெற்று, மாலை வெயில் தணிந்தபின் படமெடுங்கள்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புதல் வேண்டும். ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர். வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாதிருக்க, நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூட்டி 216 × 303 என அமைத்து, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என வைத்துக்கொள்க. சுருங்கிய படம் இவ்வளவிற்கு ஈடு கொடாது. அச்சில் மங்கலாகவே விழும்.

படத்தைத் திருத்தும் மென்பொருள்களில் பெயர்பெற்றது ஃபோட்டோஷாப். அமெரிக்கச் சகோதரர்களான தாமஸ் நோல், ஜான் நோல் இருவரும் ஆக்கிய இது, 1990-இல் விற்பனைக்கு வந்தது; இதற்குக் கட்டணம் உண்டு. 1996-இல் வெளியான கிம்ப் என்பதோ இலவசம். தோட்டத்து இளைஞர்க்கு அதுவே போதும் என்பது எம் கருத்து. இரண்டிலும் வேலையின் உயிர்நாடி 'அடுக்கு' என்பதாகும். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல், அடியில் ஒளிப்படம், அதன்மேல் வண்ணப்பட்டை, மேலே எழுத்து என வைப்பின், ஒன்றை மாற்றும்போது மற்றொன்று கெடாது. ஒளியையும் கூர்மையையும் அளவோடு கூட்டுக. பால் வெட்டும்போது கத்தி பட்டைக்குள்ளேயே நிற்க வேண்டும், மரத்தைத் தொடலாகாது என்பதை உங்களுக்கு யாம் சொல்லவும் வேண்டுமோ! திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் அச்சு மையில் சற்று மங்கும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

தமிழ் எழுத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. 'கொட்டு' என்னும் சொல்லில் கொம்பு ககரத்திற்கு முன்னும் கால் பின்னும் நிற்க வேண்டும். தமிழின் எழுத்தமைப்பை அறியாத மென்பொருளில் இரண்டும் பின்னே போய் நின்று, தலைப்பே படிக்க இயலாததாகிவிடும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்துக்குரிய அமைப்பில் உலகமொழிகளுக்கான தேர்வை இயக்கினால் இக்குறை நீங்கும். கிம்ப் தானே சரியாகக் காட்டும். கணினியில் தமிழை எழுத 1985-இலேயே 'முரசு' மென்பொருளை ஆக்கியவர் நம் நாட்டவரான முத்து நெடுமாறன். அத்தகைய நாட்டில் பிழைபட்ட தலைப்போடு ஓர் இதழ் வெளிவருவது அழகன்று.

1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி, பருவ இதழ் நடத்துவோர் உள்துறை அமைச்சின் உரிமத்தைப் பெறல் வேண்டும். அச்சிட்டோர், வெளியிட்டோர் பெயரும் முகவரியும் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ இடம்பெறல் வேண்டும். அவற்றிற்குரிய இடத்தை இப்போதே ஒதுக்குங்கள்.

கோப்பை அச்சகத்திற்குக் கொடுக்குமுன் ஒரு படியைத் தாளில் எடுத்து, அந்தத் தவிற்காரரிடமே காட்டுங்கள். தம் பெயரும் ஊரும் சரியாக இருக்கின்றனவா என்று அவர் சொல்லட்டும்.