யாருடைய மௌனம்?

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாகப் பேச என்னை அழைத்த தோழர்களுக்கு நன்றி. எந்தச் சொல்லால் நம் மக்களைக் கூனிக்குறுக வைத்தார்களோ, அந்தச் சொல்லையே 1893இல் தன் இதழுக்குப் பெயராகச் சூட்டியவர் அவர். அதே காலத்தில்தான், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அதிகாரம் முழுவதும் சாதி இந்துக்கள் கைக்குப் போய்விடும் என்று எதிர்த்து, 112 அடி நீளமுள்ள மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அதில் கையெழுத்திட்டவர்கள் 3,412 பேர். தாத்தாவின் துணிச்சலைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எனக்கு அந்த 3,412 பேர்மீதுதான் கண் போகிறது. அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு மனப்பாடம் இல்லை. ஆனால் அந்த 112 அடிக்குள் எவரும் தனியாக நிற்கவில்லை.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், இனவெறிக்கு முன்னால் மௌனமாக இருப்பதா, பேசுவதா என்பது. ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்று நம் மொழியில் ஒரு வழக்கு உண்டு. இதை முதலில் சொன்னவர் கூலிக்குப் போகிறவராக இருந்திருக்க முடியாது. வாய் திறந்தால் நாளைக்கு வேலை இல்லை என்ற நிலையில் இருப்பவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? பேசினாலும் எதையும் இழக்கப்போவதில்லை, ஆனாலும் பேசவில்லை என்றால், அந்த மௌனத்துக்கு வேண்டுமானால் இந்த வழக்கு பொருந்தும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

1955, ஆகஸ்ட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் மணி என்ற சிற்றூருக்கு, சிகாகோவிலிருந்து எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் உறவினர் வீட்டுக்கு வந்திருந்தான். கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் அத்துமீறினான் என்று சொல்லி, ஆகஸ்ட் 28 நள்ளிரவுக்குப் பின் இரண்டு வெள்ளையர்கள் அவனைத் தூக்கிப் போனார்கள். மூன்று நாள் கழித்து டல்லாஹாச்சி ஆற்றில் சடலம் கிடைத்தது. அங்கேயே அவசரமாகப் புதைத்துவிடப் பார்த்தார்கள். தாய் மேமி டில் விடவில்லை. சடலத்தைச் சிகாகோவுக்கு வரவழைத்து, பெட்டியைத் திறந்தே வைத்தார். பல்லாயிரம் பேர் வந்து பார்த்தார்கள். சிதைக்கப்பட்ட முகத்தின் படத்தை ‘ஜெட்’ என்ற கறுப்பினப் பத்திரிகை அச்சிட்டது. எங்கள் பிள்ளைக்கு என்ன செய்தீர்கள் என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் அந்தத் தாய் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் சம்னர் என்ற ஊரில் வழக்கு நடந்தது. சிறுவனைத் தூக்கிப் போனது மோஸ் ரைட் என்பவரின் வீட்டிலிருந்து. அவர் 64 வயது முதியவர், வாரத்துக்குப் பருத்தி விளைவித்தவர், போதகரும்கூட. நிலம் அவருடையதல்ல. ஓட்டுரிமைப் பட்டியலில் கறுப்பர் இல்லாததால் ஜூரியிலும் கறுப்பர் இல்லை. பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள். அந்த மன்றத்தில் முதியவர் எழுந்து நின்று, கொலையாளிகள் இருவரையும் கைநீட்டி அடையாளம் காட்டினார். வெள்ளையரை ஒரு கறுப்பர் கைநீட்டிக் காட்டுவது அந்த மண்ணில் உயிரைப் பணயம் வைக்கும் செயல்.

அவருக்குப் பின் சாட்சி சொன்னவர் வில்லி ரீட். வயது 18. ஒரு கொட்டகைக்குள்ளிருந்து அடி விழும் ஓசையையும் அலறலையும் கேட்டதாகச் சொன்னார்.

ஜூரி 67 நிமிடத்தில் தீர்ப்பைச் சொன்னது. குற்றமில்லை. குளிர்பானம் குடிக்க நிறுத்தாமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஜூரியில் ஒருவர் சொன்னதாகச் செய்தி வந்தது. நான்கு மாதத்தில் அந்த இருவரும் ஒரு பத்திரிகையிடம் காசு வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்று பேட்டி கொடுத்தார்கள். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்பது சட்டம்.

பேசியவர்கள் என்ன ஆனார்கள்? மோஸ் ரைட் விளைந்த பருத்தியை வயலிலேயே விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனார். வில்லி ரீட் சிகாகோவுக்குத் தப்பினார். மனம் உடைந்து மருத்துவமனையில் கிடந்தார். பெயரை மாற்றிக்கொண்டார். திருமணமாகியும் பல ஆண்டுகள் மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் வாய் திறந்த அதே மனிதர் பின்னர் பல பத்தாண்டுகள் மௌனமாக வாழ்ந்தார். அவரைக் கோழை என்போமா?

கொலையாளிகள் தரப்பையும் பார்க்க வேண்டும். சம்னரில் இருந்த ஐந்து வழக்கறிஞர்களும் அவர்களுக்காக நின்றார்கள். கடைகளில் உண்டியல் வைத்து வெள்ளையர்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். ஆதிக்கம் தன் ஆளை ஒருநாளும் தனியாக விடுவதில்லை. சாட்சிகளுக்கு அப்படி யார் இருந்தார்கள்? டி.ஆர்.எம். ஹோவர்ட் என்ற கறுப்பின மருத்துவர் இருந்தார். சாட்சிகளைத் தேடிக் கண்டுபிடிக்க உதவினார். மேமி டில்லையும் கறுப்பினச் செய்தியாளர்களையும் தன் வீட்டில் தங்கவைத்து, துப்பாக்கிக் காவல் போட்டார். அந்த வீடு இல்லையென்றால் அந்தச் சாட்சியங்களில் பாதி மன்றத்துக்கே வந்திருக்காது.

அதே ஆண்டு டிசம்பரில் அலபாமாவின் மான்ட்கோமரியில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. 381 நாள் நீடித்தது. ரோசா பார்க்ஸையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் நாம் அறிவோம். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண்ணை அதிகம் பேர் அறியமாட்டார்கள். அவரும் சில பெண்களும் கோழி வறுத்து, கேக் சுட்டு விற்று, வந்த காசைப் போராட்டத்துக்குக் கொடுத்தார்கள். அந்தக் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘எங்கிருந்தும் வராத சங்கம்’. காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லலாம் அல்லவா! வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த பெண்களால் வெளிப்படையாகப் பணம் கொடுக்க முடியாது. கொடுத்தால் வேலை போய்விடும். கிங் மீதான வழக்கில் கில்மோர் சாட்சி சொன்னார், அவர் வேலை போனது. பிறகு கிங்கின் உதவியோடு தன் வீட்டு அடுப்படியிலேயே சமையல் தொழிலைத் தொடங்கினார்.

எஜமானி முன்னால் வாய் திறக்காமல் பாத்திரம் தேய்த்த பெண்கள்தான், மாலையில் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். அவர்களுடைய மௌனத்துக்குள் ஒரு சங்கம் இருந்தது.

இதையெல்லாம் ஏன் ஒரு தலித் அரங்கில் பேசுகிறேன்? அண்ணல் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் சார்பில் ஐ.நா.வுக்குக் கொண்டுசெல்லப்படும் மனுவைப் பற்றிக் கேட்டார். அவர்கள் நிலைக்கும் நம் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அண்ணல் அன்றே கண்டார். 2001இல் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு நடந்தபோது, சாதி வேறு இனம் வேறு என்று சொல்லி, மாநாட்டு ஆவணத்தில் ‘சாதி’ என்ற சொல்லே வராமல் இந்திய அரசு பார்த்துக்கொண்டது. சாதியும் இனமும் ஒன்றல்ல என்பது சமூகவியல் படித்த எனக்கும் தெரியும். ஆனால் சாட்சியின் வாயை அடைக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான். நிலம், கூலி, கடன், போகவர வழி எல்லாம் ஒரு தரப்பின் கையில் இருக்கும்.

உண்மை அறியும் குழுக்களோடு சேரிகளுக்குப் போகும்போது, எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி, “நீங்க சாயங்காலம் வண்டி ஏறிடுவீங்க. நாளைக்கு நாங்க யார் காட்டுக்கு வேலைக்குப் போறது?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், பேசுங்கள் பேசுங்கள் என்று மைக்கில் முழங்குவது எளிது.

கோகுல்ராஜ் கொலை வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015இல் நடந்த கொலை. முக்கியச் சாட்சி பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயிலில் இருந்த கண்காணிப்புக் கேமராதான் பேசியது. தாய் விடாமல் போராடி, வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், ஆள் நடமாட்டமுள்ள சாலையில் சங்கர் வெட்டப்பட்டதையும் கேமரா பதிவு செய்தது. உயிர் தப்பிய கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். கேமரா பார்க்கும் இடத்தில்தான் ஊரும் பார்த்துக்கொண்டு நின்றது. ‘நமக்கெதுக்கு வம்பு’ என்ற அந்த மௌனத்தைத்தான் நாம் விசாரிக்க வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டால் சாதி கேட்கும் தெருவில் வாழ்ந்துகொண்டு, நான் சாதி பார்ப்பதில்லை என்று சொல்லும் நண்பர்களின் மௌனத்தையும் சேர்த்து.

சட்டம் ஏதும் இல்லாமல் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 15ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மிரட்டலிலிருந்து பாதுகாப்பு, பயணச் செலவு, வழக்கு நடக்கும் காலத்துப் பராமரிப்புச் செலவு, தேவைப்பட்டால் வேறு இடத்தில் குடியமர்த்தல் ஆகியவை பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் உரிமை. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். நீதிமன்றத்துக்குப் போகும் ஒரு நாள் கூலியை இழக்கும் அம்மாவிடம், உங்களுக்கு இந்த உரிமை இருக்கிறது என்று சொல்ல எத்தனை பேர் போகிறோம்?

நம் இயக்கங்களிடமும் இலக்கிய அமைப்புகளிடமும் நான் கேட்பது இதுதான். கண்டனக் கூட்டம் நடத்துங்கள், கவிதை எழுதுங்கள். அதோடு சாட்சிக்கு ஒரு நிதி வையுங்கள். வாய்தா நாளில் இரண்டு பேர் அவரோடு பேருந்தில் ஏறுங்கள். 15ஏ பிரிவின்கீழ் மனு எழுதிக் கொடுங்கள். அவர் பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமல் பாருங்கள். வழக்கு பத்து வருடம் நடந்தால் பத்து வருடமும் அதைச் செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் ஒருவர் பேசவில்லை என்றால், ஏன் என்று அவரிடம் கேட்கலாம். அதுவரை அந்தக் கேள்வி நம்மைப் பார்த்துத்தான்.